‘லீவுல வந்து பாத்துக்கலாம்’: எல்லையில் ஒருவர், வீட்டில் ஒருவர் – தள்ளிப்போகும் வேலைகளை எப்படி முடிப்பது?

ராணுவத்தில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: “லீவுல வந்து பாத்துக்கலாம்.” பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமா? லீவுல வந்து பாத்துக்கலாம். கல்யாணத்தைப் பதிவு செய்யணுமா? அடுத்த லீவுல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷனா? நான் வந்துடறேன். சரியாகத் தூக்கம் வருவதில்லையா? அதுவும் வந்து பாத்துக்கலாம்.

லீவு வருகிறது. முதல் வாரம் உறவினர் வீடுகள், இரண்டாவது வாரம் கோயில், மூன்றாவது வாரம் யாருக்காவது கல்யாணம். நான்காவது வாரம் பெட்டி கட்டியாகிவிடும். தள்ளிப்போட்ட வேலைகள் அப்படியே நிற்கும். இது ஒரு தடவை நடந்தால் சமாளிக்கலாம். பதினைந்து, இருபது வருட சர்வீஸில் திரும்பத் திரும்ப நடக்கும்போது, அது வீரரின் மனதிலும் வீட்டில் இருப்பவர் தோளிலும் ஒரு பாரமாக ஏறிவிடுகிறது.

அந்தப் பாரம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவை நாம் இறக்கி வைக்க முடியும், அதற்கு அரசு சேவைகள் என்ன இருக்கின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

களப்பணி என்றால் என்ன?

ராணுவப் பணியிடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அமைதி நிலையம். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். இன்னொன்று களப்பகுதி, அதாவது ஃபீல்டு. காஷ்மீர், லடாக், வடகிழக்கு எல்லை போன்ற இடங்கள் இதில் வரும். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. ஒரு படைப்பிரிவு இரண்டு, மூன்று ஆண்டுகள் களத்தில் இருக்கும். பிறகு அமைதி நிலையத்துக்கு வரும். மீண்டும் களத்துக்குப் போகும். அமைதி நிலையத்திலும் குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. குழந்தைகளின் படிப்புக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் குடும்பம் ஊரிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

படைவீரர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. 2022இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள். இந்த நாட்கள் எப்போது கிடைக்கும் என்பது எல்லை நிலவரத்தைப் பொறுத்தது. 2001 டிசம்பரில் தொடங்கிய ஆபரேஷன் பராக்ரமில் சுமார் பத்து மாதம் படைகள் எல்லையிலேயே நின்றன. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், லீவில் இருந்த வீரர்கள் பலர் பாதியிலேயே பணிக்குத் திரும்பினார்கள்.

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த 20 வீரர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. தான் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அவரால் வர முடியாமல் போனதைத் தமிழ்நாடே செய்திகளில் படித்தது. பின்னர் அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன் 10 பேரை இழந்தது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இப்படிப்பட்ட செய்தி வரும் நாளில் ஊர் முழுக்கத் திரண்டு நிற்கிறது. ஆனால், செய்தியில் வராத சாதாரண நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களை அந்தக் குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன என்பதுதான் நம் கேள்வி.

காஞ்சிபுரத்தில் இது எப்படித் தெரிகிறது?

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்தைப் போலக் காஞ்சிபுரத்தை யாரும் ‘ராணுவ ஊர்’ என்று சொல்வதில்லை. ஆனாலும் படை இங்கே தூரத்துச் செய்தி இல்லை. பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானதளம் இருக்கிறது. தக்கோலத்தில் சிஐஎஸ்எஃப் பயிற்சி மையம். தாம்பரத்தில் விமானப்படை நிலையம்.

இந்த ஊரின் பட்டுத் தொழில் வீட்டுக்குள்ளேயே நடப்பது. தறி இருக்கும் அறையில்தான் குடும்பமே இருக்கும். கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்ந்தால், மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பெரும்பாலும் வீட்டு ஆள்தான்: மனைவி, தம்பி அல்லது மகன். அந்த வீட்டுப் பையன் படைக்குப் போனால் பெருமையும் மாதச் சம்பளமும் வருகின்றன. தறியில் ஒரு கை குறைகிறது. கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், இல்லையென்றால் கோர்வையை விட்டுவிட்டுச் சுலபமான சேலைக்கு மாற வேண்டும். வங்கியில் சம்பளம் ஏறுவதைப் பார்த்து, “உங்களுக்கென்ன, கவர்மென்ட் சம்பளம்” என்பார்கள். வீட்டில் குறைந்த அந்தக் கை யார் கணக்கிலும் வருவதில்லை.

திருவிழாக்களும் அப்படித்தான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உத்திரம் என்று ஊர் தன் வருடத்தைக் கோயில் கணக்கில் ஓட்டுகிறது. படைவீரரின் வருடம் வேறு கணக்கில் ஓடுகிறது. எல்லார் வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும் நாளில்தான், இல்லாதவரின் இடம் பெரிதாகத் தெரியும்.

பாரம் மூன்று கட்டமாக ஏறுகிறது

1987இல் காத்லீன் லோகன் என்பவர், அமெரிக்கக் கடற்படை வீரர்களின் மனைவியரிடம் கண்டதை வைத்து, பிரிவுக்கு முன்பிருந்து திரும்பி வந்த பிறகு வரை மனம் ஏழு கட்டங்களைக் கடக்கிறது என்று எழுதினார். நம் வீடுகளுக்கு அதைச் சுருக்கி மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, கிளம்புவதற்கு முன். லீவின் கடைசி வாரத்தில் காரணமே இல்லாமல் சண்டை வரும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும். உண்மையில் யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. பிரியப்போகிறோம் என்ற வலிதான் கோபமாக வெளிவருகிறது. இது தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது, இல்லாத காலம். மனைவியே அம்மாவாகவும் அப்பாவாகவும் மருமகளாகவும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கூட்டம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கேஸ் பதிவு, வீட்டு வரி எல்லாம் ஒருவர் தலையில். எல்லாவற்றையும் செய்தாலும், முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவரிடம் முழுதாக இருப்பதில்லை. “அவன் வரட்டும், கேட்டுச் செய்யலாம்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வேலை ஒருவரிடமும் அதிகாரம் தொலைவில் இருப்பவரிடமும் இருந்தால், இருவருக்குமே அது சுமைதான்.

மூன்றாவது, திரும்பி வந்த பிறகு. இதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு வருடம் வீட்டை நடத்திய மனைவிக்குத் தனக்கென்று ஒரு ஒழுங்கு வந்திருக்கும். குழந்தை அப்பாவிடம் போகாமல் பாட்டியின் பின்னால் ஒளியும். “என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி இருக்கேன்” என்று வீரருக்குத் தோன்றும். இரவு முழுக்கக் காவல் நின்று பழகிய உடம்புக்கு வீட்டுத் தூக்கம் சட்டென்று வராது. பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடலாம். சில வாரங்களில் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சரியாகத் தொடங்கும் வேளையில் லீவு முடிந்துவிடுகிறது. மறுபடியும் முதல் கட்டம்.

‘திரும்பத் திரும்ப’ என்பதுதான் இதில் முக்கியமான சொல். பிரிட்டிஷ் படையினரிடம் நடத்தி 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, மூன்று ஆண்டுகளில் மொத்தம் 13 மாதத்துக்கு மேல் களத்தில் இருந்தவர்களுக்கு மன அதிர்ச்சி அறிகுறிகளும் வீட்டுப் பிரச்சினைகளும் அதிகம் இருந்ததைக் காட்டியது. நம் நாட்டிலும், படையினரின் தற்கொலைகள் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், பாதுகாப்பு அமைச்சகத்தின் பதில்களில் குடும்பப் பிரச்சினை, மணவாழ்க்கைச் சிக்கல், மன அழுத்தம், பணக் கஷ்டம் ஆகியவை காரணங்களாக வந்துகொண்டே இருக்கின்றன. எல்லையில் நிற்பவரை உள்ளுக்குள் அரிப்பது பல சமயம் ஊரில் இருக்கும் ஒரு முடியாத வேலைதான்.

போன் தரும் நிம்மதி, போன் தரும் பயம்

1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தபோது, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தன. இன்றும் களத்தில் இருப்பவரின் முகவரி ‘56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’ என்றுதான் முடியும்; இடத்தின் பெயர் இருக்காது. ஆனால் இப்போது வீடியோ கால் வந்துவிட்டது. குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதை அப்பா அங்கிருந்தே பார்க்கிறார். இது பெரிய வரம்.

அதே போன்தான் பயத்தையும் தருகிறது. கடிதக் காலத்தில் பத்து நாள் மௌனம் சாதாரணம். இப்போது ஒருநாள் ஆன்லைனில் வரவில்லை என்றால் வீடே கலங்குகிறது. எல்லையில் ஏதாவது நடந்தால், அதிகாரப்பூர்வத் தகவலுக்கு முன்பே வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துவிடுகிறது. அதனால் நான்கு விஷயங்களை வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

• சிக்னல் இல்லாத இடம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். “இத்தனை நாள் பேச முடியாது” என்று தெரிந்தால் மௌனம் பயமுறுத்தாது.
• அவசரத்துக்குப் படைப்பிரிவின் தொடர்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது.
• எந்த இடத்தில் இருக்கிறார், எந்த ரயிலில் வருகிறார், எந்த யூனிட் என்பதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சீருடைப் படங்களும் வேண்டாம்.
• “ராணுவ அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்” என்று வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டிய ஐந்து வேலைகள்

மனச்சுமையைக் குறைக்க மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காகித வேலைகளை முடித்துவிடுவது. ஒரு லீவில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது. ஒவ்வொரு லீவிலும் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாட்களுக்குள் செய்வது முறை. அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. ஒரு மாத லீவில் கல்யாணம் முடித்துக் கிளம்பிவிடுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அந்த லீவிலேயே போய்விடுங்கள்.

2. படைப் பதிவேட்டில் மனைவி, குழந்தைகள் பெயர். திருமணம், குழந்தை பிறப்பு ஆகியவற்றை யூனிட்டில் தெரிவித்தால் ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளியாகும். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வரைக்கும் இதுதான் ஆதாரம். நம் ஊரில் பெயருக்கு முன் இனிஷியல். படைப் பதிவேட்டில் அதையே விரித்துப் பின்னால் எழுதியிருக்கலாம். ஆதார், வங்கிக் கணக்கு, பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து வித்தியாசத்தைச் சரிசெய்ய இப்போது ஒரு மனு போதும். பிற்பாடு என்றால் பல மாதம் அலைய வேண்டியிருக்கும்.

3. மாவட்டப் பெயர். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தாம்பரம், மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் அதற்கு முன் படையில் சேர்ந்திருந்தால், பதிவேட்டில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். சான்றிதழ் கேட்டு மனு போடும்போது எந்த மாவட்ட அலுவலகம் என்ற குழப்பம் வராமல் இருக்க, முகவரியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

4. வங்கியும் நியமனமும். வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழுக் காப்பீடு, சேமநிதி ஆகியவற்றில் நியமனதாரர் யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் கொடுத்து, அதை மாற்றாமலே விட்டிருப்பார்கள். மாற்றுவதா, பகிர்ந்து கொடுப்பதா என்பதை அம்மாவும் மனைவியும் இருக்கும்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

5. நிலமும் அதிகாரப் பத்திரமும். நிலத்தில் பங்கு இருந்தால் பட்டா, சிட்டா நகலைத் தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நில ஆவண இணையதளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலும் போனிலேயே பார்க்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பாருங்கள். நீங்கள் இல்லாதபோது யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றால், நம்பகமானவருக்குக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுப் பத்திரத்தை யோசிக்காமல் எழுத வேண்டாம்.

வழக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம்

“கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கு, நீ வரலைன்னா நிலம் போயிடும்.” களத்தில் இருப்பவருக்கு இதைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் போன் கிடையாது. இதற்கென்றே நூறு வருடமாக ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் பலருக்கும் தெரிவதில்லை.

இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம், 1925. தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரர் போர்ச் சூழலிலோ அரசு அறிவித்த சிறப்புச் சூழலிலோ பணியில் இருந்தால், அவர் ஆஜராக முடியாத உரிமையியல், வருவாய் வழக்குகளை ஒத்திவைக்க இது வழிசெய்கிறது. அவர் வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் ஆட்சியர், “இந்த வழக்கின் தரப்பினர் படைவீரர், அவரால் ஆஜராக முடியாது” என்று நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். அவர் இல்லாமல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டாலும், அதை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. அப்படிப் பணியாற்றிய காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து கழிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 28இன்படி, லீவு கிடைக்காத படைவீரர் தனக்குப் பதிலாக வழக்கை நடத்த ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் தரலாம். கட்டளை அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, அவரது மேலொப்பத்துடன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனைவியோ அப்பாவோ அந்த அதிகாரத்தில் வழக்கைக் கவனிக்கலாம்.

ஆக, நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை மூன்று. நோட்டீஸைப் படம் எடுத்து வீரருக்கு அனுப்புங்கள். அவர் யூனிட்டில் தெரிவித்து, கட்டளை அதிகாரி மூலம் ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பச் சொல்லலாம். நீங்கள் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு, படைவீரர் குடும்பங்களுக்காகவே ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியுள்ளது.

முன்னாள் படைவீரர் அலுவலகம் ‘முன்னாள்’களுக்கு மட்டுமா?

பெயரைப் பார்த்துப் பலர் அப்படி நினைக்கிறார்கள். மாவட்ட ஆட்சியரகங்களில் நடக்கும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில், இப்போது பணியில் இருக்கும் வீரர்களின் குடும்பத்தினரும் மனு கொடுக்கலாம். மனுவை இரண்டு பிரதிகளாக, அடையாள அட்டை நகலுடன் எடுத்துச் செல்லுங்கள். கூட்டத் தேதியை மாவட்ட நிர்வாகம் செய்திக்குறிப்பில் அறிவிக்கும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம்; முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம்.

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் கவனிக்க: உங்கள் குடும்பநலப் பணிகளுக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் தனி மறுவாழ்வு, நல வாரியம் இருக்கிறது. ஆனால் 15100, 1100, 14416 ஆகிய எண்கள் எல்லாருக்கும் பொது.

மனசுக்கும் ஒரு எண் இருக்கிறது

“பட்டாளத்துக்காரன் அழக்கூடாது” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். அதோடு, மனநல மருத்துவரைப் பார்த்தால் மருத்துவத் தகுதி குறைந்துவிடுமோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் பலர் சொல்வதே இல்லை. வீட்டில் இருப்பவர்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

வந்து சில வாரம் ஆகியும் தூக்கமில்லை, சின்ன விஷயத்துக்குக் கடுங்கோபம், குடி கூடுகிறது, யாருடனும் பேசாமல் ஒதுங்குகிறார், போனில் குரல் மாறிப்போய் “எதுக்கு இருக்கணும்” என்ற மாதிரிப் பேசுகிறார் – இவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். மனைவிக்கு ஓயாத தலைவலி, சோர்வு, காரணமில்லாத அழுகை வரலாம். குழந்தை மறுபடியும் படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, மதிப்பெண் சரிவது ஆகியவையும் அப்பாவைத் தேடும் மனசின் மொழியாக இருக்கலாம்.

அழைக்க வேண்டிய எண் 14416. டெலி மனஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் இதே சேவையின் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. நேரில் பார்க்க விரும்பினால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

யாராவது உயிரை விடுவது பற்றிப் பேசினால், “சும்மா சொல்றார்” என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருந்தால் தனியே விடாதீர்கள். 108 அல்லது 112க்கு அழையுங்கள். பணியிடத்திலிருந்து போனில் அப்படிப் பேசினால், அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே, வேறொரு போனில் யூனிட் எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் பிறகு கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தெருவும் உறவும் என்ன செய்யலாம்?

படைவீரரின் மனைவியிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியே “எப்ப வர்றார்?” என்பதுதான். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. “ரேஷன் கடைக்குப் போறேன், உங்களுக்கு ஏதாவது வாங்கணுமா?” என்று கேட்டுப் பாருங்கள். செய்தியில் எல்லைப் பதற்றம் ஓடும் நாளில், விசாரிக்கிறேன் என்று பத்துப் பேர் போன் செய்வதைவிட, ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார்வது மேல். தறிவீடுகள் அடுத்தடுத்து இருக்கும் பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் இது கஷ்டமே இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று. மருமகள் வீட்டை நடத்துகிறார் என்றால், முடிவெடுக்கவும் விடுங்கள். மகனுக்குப் போன் போட்டு ஒவ்வொரு புகாரையும் சொல்வது, அவன் துப்பாக்கியோடு நிற்கும் இடத்துக்கு வீட்டுச் சண்டையைக் கொண்டுபோவதாகும். இங்கேயே தீர்க்க முடிந்ததை இங்கேயே தீர்த்துவிடுங்கள்.

வீரர்களுக்கும் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றத் தொடங்காதீர்கள். நீங்கள் இல்லாதபோது ஓடிய வீடு அது. முதலில் பாருங்கள், பிறகு பங்கெடுங்கள்.

போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்

• 14416 – மனநல ஆலோசனை
• 15100 – இலவச சட்ட உதவி
• 1100 – முதல்வரின் முகவரி, குறைதீர்ப்பு
• 181 – பெண்கள் உதவி எண்
• 1098 – குழந்தைகள் உதவி எண்
• 1930 – இணையவழிப் பண மோசடிப் புகார்
• 112, 108 – அவசர உதவி, ஆம்புலன்ஸ்
• காவல் உதவி செயலி – தனியாக இருக்கும் பெண்களுக்கு அவசர அழைப்பு வசதி

எல்லையில் இருப்பவருக்கு ஊரிலிருந்து நாம் அனுப்பக்கூடியவற்றில் பெரியது, “இங்கே எல்லாம் முடிஞ்சுடுச்சு, நீங்க கவலைப்படாதீங்க” என்ற ஒரு வரிதான். அது வெறும் ஆறுதலாக இல்லாமல் உண்மையாகவும் இருக்க வேண்டும். இன்று மாலை வீட்டில் ஒரு தாளை எடுத்து, ‘லீவுல வந்து பாத்துக்கலாம்’ என்று தள்ளிவைத்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். அதில் அவர் வராமலேயே முடிக்கக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை முடித்துவிட்டால், அடுத்த லீவில் அவர் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம்.